ஹெர்பர்ட் ஹவல்ஸின் 'ரெக்வியம்': மகன் சாவதற்கு முன்பே எழுதிய ஆறுதல்

தாமிரபரணிக்காரன்

இந்தக் குழுவில் மோட்ஸார்ட், வெர்டி, ஃபோரே என்று எல்லா ரெக்வியமும், அதாவது இறந்தவர்களுக்கான வழிபாட்டு இசையும், அலசியாகிவிட்டது. ஹெர்பர்ட் ஹவல்ஸ் பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆங்கிலேய இசையமைப்பாளர். 1892-இல் க்ளாஸ்டர்ஷயரில் லிட்னி என்ற சிற்றூரில் பிறந்தவர், 1983-இல் காலமானார். இவருடைய ரெக்வியத்தில் வாத்தியமே கிடையாது. வெறும் குரல்கள். ஆறு பகுதி, ஏறக்குறைய இருபது நிமிஷம். முதலில் 'உலக இரட்சகரே' என்று ஒரு வேண்டுதல். பிறகு பைபிளின் 23-ஆம் சங்கீதம், லத்தீனில் 'ரெக்வியம் ஏதெர்னாம்' (நித்திய இளைப்பாறுதல்), 121-ஆம் சங்கீதம், மறுபடி அதே லத்தீன் வரிகள் வேறு இசையில். முடிவில் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து 'பரலோகத்திலிருந்து ஒரு சத்தம்'. லத்தீன் பகுதிகள் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம்.

இதோடு ஒட்டிய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1935 செப்டம்பரில் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போன இடத்தில் ஹவல்ஸின் மகன் மைக்கேலுக்கு இளம்பிள்ளை வாதம் கண்டது. மூன்றே நாளில் பையன் போய்விட்டான். ஒன்பது வயசு. அந்தத் துக்கத்தில் அப்பா எழுதியதுதான் ரெக்வியம் என்றே நெடுநாள் சொல்லிவந்தார்கள். 1980-இல் அது அச்சில் வந்தபோதும் கேட்டவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். அது எழுதப்பட்ட வருஷம் 1932 என்பது பிறகுதான் தெளிவானது. அப்போது மைக்கேலுக்கு ஆறு வயசு, நல்ல ஆரோக்கியமாக ஓடியாடிக்கொண்டிருந்தான்.

இது தெரிந்ததும் 'அப்ப கதை பொய்யா' என்று சிலருக்கு ஏமாற்றம். எனக்கோ தெரிந்த பிறகுதான் அந்த இசைமேல் மதிப்பு கூடியது. ஏனென்றால் பிள்ளை போன பிறகு ஹவல்ஸ் திரும்பிப் போனது இந்தத் தாள்களிடம்தான். ரெக்வியத்திலிருந்து பெரும்பகுதியை எடுத்து, இரண்டு தனிக்குரல், பெரிய கோரஸ், முழு ஆர்கெஸ்ட்ரா என்று விரித்து 'ஹிம்னஸ் பாரடைஸி'யை எழுதினார். 1938-இல் அது ஏறக்குறைய முடிந்துவிட்டது. சாவு வந்து நிற்கும்போது யாராலும் ஆறுதலைப் புதிதாக உண்டாக்க முடியாது, முன்பே இருக்கும் ஒன்றில் போய் ஒண்டிக்கொள்ளத்தான் முடியும் என்பது என் எண்ணம். உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

இரவுரேடியோ

நல்ல தொடக்கம் அண்ணே. ஆனால் ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. மகன் கதை, தேதி கதை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கேட்டால் இந்த இசை நிற்குமா நிற்காதா? அதுதான் கேள்வி. நான் முதலில் கேட்டபோது எனக்கு எந்தக் கதையும் தெரியாது. மூன்றாவது பகுதியில் குரல்கள் ஒவ்வொன்றாக மேலே அடுக்கிக்கொண்டு போய் 'லுக்ஸ் பெர்பெதுவா', அதாவது நித்திய ஒளி என்ற இடத்தில் விரியும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செத்தது யார், எப்போது என்று அந்த நேரத்தில் கேட்கத் தோன்றவில்லை. வாழ்க்கைக் கதையைச் சொல்லித்தான் ஒரு படைப்பைக் கேட்கவைக்க வேண்டும் என்றால் அது அந்தப் படைப்புக்கே மரியாதை இல்லை.

பாளை_டெனர்

வணக்கம் அண்ணாச்சி. நான் ஒரு சிஎஸ்ஐ சபையில் பாடகர் குழுவில் இருக்கேன். இந்த ஆறு பகுதியோட வார்த்தைகளைப் பார்த்ததும் ஒரு விஷயம் சொல்லணும்னு தோணுச்சு. இதுல பெரும்பாலானது எங்க அடக்க ஆராதனையில் கேட்டுக் கேட்டுப் பழகின வசனங்கள். 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்.' 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்.' 'கர்த்தருக்குள் மரிக்கிறவர்கள் இதுமுதல் பாக்கியவான்கள்.' கடைசி வசனம் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின் அடக்க முறைமையில் இருப்பது, அந்த வழியில்தான் எங்களுக்கும் வந்துச்சு. வீட்டுல பெரியவங்க யாராவது தவறிட்டா ஐயர், அதாவது சபைப் போதகர், வந்து 23 இல்லாட்டி 121 வாசிப்பார். சின்னப் பிள்ளையிலேயே மனப்பாடம் ஆனது.

அதனால எனக்கு இதுல ஒரு வார்த்தைகூட அந்நியமா படல. இசைதான் புதுசு. அது ஏன் இப்படி ஒரு மாதிரி உள்ளே பிசையுதுன்னு யாராவது விளக்கினா நல்லாயிருக்கும்.

தாமிரபரணிக்காரன்

தம்பி, வார்த்தைகளைத் தொகுத்த முறை ஹவல்ஸின் சொந்த யோசனை இல்லை. வால்ஃபோர்டு டேவிஸ் என்பவர் முதல் உலகப்போரில் செத்தவர்களுக்காக 1915-இல் ஒரு சிறிய ரெக்வியம் எழுதியிருந்தார். அதன் அமைப்பைத்தான் இவர் எடுத்துக்கொண்டார். வழக்கமான ரெக்வியத்தில் வரும் 'தியேஸ் இரே', அதாவது நியாயத்தீர்ப்பு நாளின் கோபம், இதில் கிடையாது. பயமுறுத்தும் வரி ஒன்றுகூட இல்லை.

'உள்ளே பிசைகிறது' என்றாயே, அதற்கு விளக்கம் உண்டு. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரே சட்ஜத்தின்மேல் ஒரு குரல் அந்தர காந்தாரத்தைப் பிடித்திருக்க, இன்னொரு குரல் சாதாரண காந்தாரத்தைத் தொட்டால் எப்படி இருக்கும்? நம் கச்சேரியில் அது நடக்கவே நடக்காது. 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கோயில் இசையில், டாலிஸ், பேர்டு என்ற இசையமைப்பாளர்கள் காலத்தில், இது சர்வசாதாரணம். தங்கள் பாதையில் தனித்தனியாகப் போகும் இரண்டு குரல் ஒரு கணம் இப்படி உரசிக்கொள்ளும். ஹவல்ஸ் அந்த உரசலை எடுத்துத் தன் மொழியாகவே ஆக்கிக்கொண்டார். சந்தோஷமும் வலியும் ஒரே நொடியில் ஒலிப்பதுபோல் நமக்குக் கேட்பது அதனால்தான்.

பழைய இசைமேல் அவருக்கு வந்த பித்துக்கும் ஒரு நாள் குறிப்பிட்டுச் சொல்லலாம். 1910 செப்டம்பர் 6, க்ளாஸ்டர் பேராலயம். டாலிஸின் மெட்டு ஒன்றை வைத்து இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் எழுதிய டாலிஸ் ஃபான்டேஸியா அன்றுதான் முதல் முறை வாசிக்கப்பட்டது. பதினேழு வயசு ஹவல்ஸ் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அதை நடத்தி முடித்த வான் வில்லியம்ஸ் வந்து இவர் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்தார். நண்பன் ஐவர் கர்னியும் இவரும் அந்த இரவு தூங்கப் போகாமல் தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தார்களாம். இருபத்தைந்து வருஷம் கழித்து, அதே செப்டம்பர் 6-இல் மைக்கேல் இறந்தான்.

லெஸ்டர்_ஆல்ட்டோ

எனக்கு மிகவும் நெருக்கமான இசையைத் தொட்டுவிட்டீர்கள். இங்கே ஒரு கோரல் சொசைட்டியில் ஆல்ட்டோ, அதாவது கீழ்ப் பெண்குரல், பாடுகிறேன். ஹிம்னஸ் பாரடைஸி பாடியிருக்கிறேன், ரெக்வியமும் பாடியிருக்கிறேன். உள்ளே நின்று பாடும்போது தெரியும் சிலவற்றைச் சொல்லலாம் என்று வந்தேன்.

சங்கீதம் 23-இல் எண்ணக்கூடிய தாளம் என்று ஒன்று இருக்காது. சாதாரணமாக ஒருவர் வாசிக்கும் நடையிலேயே சுரம் போகும். பிழை விடாமல் பாட ஒரே வழி, பக்கத்தில் நிற்பவரின் மூச்சைக் கவனிப்பதுதான். நான்கு குரல்களும் ஒன்றாக மூச்செடுத்தால் அடுத்த வார்த்தை தானாக ஒன்றாக விழும். முன்னால் நின்று குழுவை நடத்தும் கண்டக்டர் கையை எவ்வளவு ஆட்டினாலும் அது நடக்காது. ஒத்திகையில் எங்கள் கண்டக்டர் ஒருமுறை கையைக் கீழே போட்டுவிட்டு, "நீங்களே பாடுங்கள்" என்று ஒதுங்கி நின்றார். அன்றைக்குத்தான் முதல் முறை சரியாக வந்தது.

ஒலி தங்கும் கட்டிடத்தில் இதைப் பாட வேண்டும். ஹவல்ஸ் க்ளாஸ்டர் பேராலயத்தில் ஆர்கன் பயின்ற பையன். கல் சுவரில் மோதி ஒலி திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்துத்தான் எழுதுவார். உலர்ந்த அரங்கில் பாடினால் அந்த இரண்டு காந்தாரமும் வெறும் தப்புச் சுரம்போலக் கேட்கும், ஒரு பெரிய கோயிலில் ஒன்று கரைவதற்குள் மற்றது வந்து சேர்ந்துகொள்ளும்.

இரவுரேடியோ தம்பிக்கு: கதை வேண்டாம் என்று நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் ஹிம்னஸ் விஷயத்தில் கதையை ஒதுக்க முடியாது. அதைச் செய்தவரே அதைப் பொது இசையாக நினைக்கவில்லை. தனக்கான, கிட்டத்தட்ட ரகசியமான ஆவணம் என்றே சொன்னார். பன்னிரண்டு வருஷம் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். துக்கத்தை இசையில் கொட்டுங்கள் என்று முதலில் சொன்னது மகள் உர்சுலா, அவளே அப்போது சின்னப் பெண். பிறகு இசைத்துறை நண்பர்களான ஹெர்பர்ட் சம்ஷன், ஜெரால்ட் ஃபின்ஸி, வான் வில்லியம்ஸ் ஆகியோர் தாள்களைப் பார்த்து, இதை நிகழ்த்தியே ஆகவேண்டும் என்று வற்புறுத்தினார்கள். 1950 செப்டம்பர் 7, க்ளாஸ்டரில் த்ரீ கொயர்ஸ் என்ற இசை விழா. மைக்கேலின் பதினைந்தாவது நினைவு நாளுக்கு மறுநாள். தானே நின்று நடத்தினார். அந்த நிலையில் ஒரு அப்பாவால் எப்படிக் கையைத் தூக்க முடிந்தது என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை.

மௌனப்பந்தல்

இதுவரை இந்தக் குழுவில் படித்துவிட்டுப் போய்விடுவேன், எழுதியதில்லை. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தம்பி போய்ச் சில வருஷம் ஆகிறது. இருபத்துமூன்று வயசு. அடக்க ஆராதனையில் 'நான் தாழ்ச்சியடையேன்' என்று வாசித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது. அம்மா ஒரு பக்கம் மயங்கிக் கிடக்கிறாள், அப்பா வாசலில் யார் யாருக்கோ நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறார், ஒன்றும் குறைவில்லை என்று ஒருவர் நிதானமாக வாசிக்கிறார். இந்த இழையில் எல்லாரும் ஆறுதல், ஆறுதல் என்று சொல்கிறீர்கள். குறையே இல்லாததுபோல ஒரு இசை பாடினால் அது செத்தவன் வீட்டுக்காரனை வாயடைக்கச் செய்யும் வேலை இல்லையா? சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

இரவுரேடியோ

மௌனப்பந்தல், உங்கள் இழப்புக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எழுதியதற்கு நன்றி. உங்கள் கேள்வி நியாயமானது. ஹிம்னஸின் கடைசிப் பகுதியில் எனக்கும் அதே நெருடல் உண்டு. 'பரிசுத்தமானது மெய்யான ஒளி' என்று அவ்வளவு பெரிய வெளிச்சம், அல்லேலூயா. ஒன்பது வயசுப் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த வீட்டில் இவ்வளவு ஒளி எங்கிருந்து வரும்? அதனால்தான் எனக்கு சின்ன ரெக்வியம் பிடிக்கிறது. அது எதையும் நிரூபிக்கப் பார்ப்பதில்லை.

தாமிரபரணிக்காரன்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு நாளாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வரிசையைப் பாருங்கள். சங்கீதம் 23 'குறைவில்லை' என்கிறது. அதோடு படைப்பு முடிந்திருந்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அடுத்த நொடியே குரல்கள் லத்தீனுக்கு மாறி, 'இவர்களுக்கு இளைப்பாறுதல் கொடும்' என்று கேட்க ஆரம்பிக்கின்றன. குறையே இல்லை என்றால் எதற்குக் கேட்க வேண்டும்? பிறகு 121 வருகிறது, 'உன் காலைத் தள்ளாடவொட்டார்' என்று இன்னும் பெரிய உறுதி. அதற்குப் பிறகும் அதே வேண்டுதல், அதே வார்த்தைகள், புது இசையில். முதல் தடவை கேட்டது போதவில்லை. உறுதியும் கெஞ்சலும் மாறி மாறி வருகின்றன, எது வென்றது என்று சொல்லாமலே கடைசிப் பகுதிக்குப் போய்விடுகிறது. சங்கீதத்தை வாசித்து மூடிவைத்துவிடும் ஆராதனையில் இந்த இரண்டாவது குரலுக்கு இடமில்லை. இசையில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹவல்ஸுக்கு மரணம் மைக்கேலோடு வந்த அனுபவம் இல்லை. இருபத்துச் சொச்சம் வயசில் அவருக்கே கிரேவ்ஸ் என்ற தைராய்டு நோய் கண்டது. ஆறு மாசம்தான் என்று கெடு வைத்தார்கள். அப்போது சோதனை முயற்சியாக இருந்த ரேடியம் ஊசியைப் போட்டுத்தான் பிழைத்தார். போரில் நண்பர்களைப் பறிகொடுத்தார். கர்னி மனநலம் கெட்டு விடுதியில் கிடந்தார். ஆக 1932-இல் அவர் துக்கம் அறியாத ஆள் என்று நினைக்க வேண்டாம். அந்த வேண்டுதலின் கனம் அங்கிருந்து வருகிறது.

லெஸ்டர்_ஆல்ட்டோ

மௌனப்பந்தல், நானும் ஒன்று சொல்லட்டுமா. ஆறுதல் எழுதியவருக்கு ஆறுதல் கிடைத்ததாக நான் நினைக்கவில்லை. 1935-க்கு முன்பே தொடங்கியிருந்த ஒரு செலோ கன்செர்ட்டோ, அதாவது செலோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, இருந்தது. மகன் போன பிறகு அதை எடுத்து எடுத்துப் பார்த்தார், சாகும்வரை முடிக்கவில்லை. ட்விக்வொர்த் ஊர்க் கோயில் கல்லறையில் மைக்கேல் இருக்கிறான். 1937 டிசம்பரில் கர்னி இறந்தபோது அவரையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். க்ளாஸ்டர் நகரத்துக்கு வெளியே, பெரிய சாலை ஓரத்தில், லாரி இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும் சாதாரண ஊர்.

நீங்கள் கேட்கவேண்டியது வேறு ஒன்று என்று தோன்றுகிறது. 1961-இல் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் 450-ஆவது ஆண்டுக்கு இவரிடம் ஒரு பாட்டு கேட்டார்கள். 'எ சீக்வென்ஸ் ஃபார் செயின்ட் மைக்கேல்'. ஆல்க்வின் என்ற எட்டாம் நூற்றாண்டு அறிஞர் அதிதூதனான மிகாவேலை (ஆங்கிலத்தில் மைக்கேல்) பார்த்துப் பாடியது, ஹெலன் வாடெல் ஆங்கிலமாக்கியது. எடுத்த எடுப்பிலேயே கோரஸ் முழுவதும் 'மைக்கேல்!' என்று கத்துகிறது. மறுபடி 'மைக்கேல்!'. தேவதூதனைக் கூப்பிடும் சத்தம் இல்லை அது. ஹிம்னஸில் எங்குமே பிள்ளையின் பெயர் பாடப்படவில்லை, முகப்பில் காணிக்கையாக இருப்பதோடு சரி. இங்கே இருபத்தாறு வருஷம் கழித்து, வேறொருவர் விழாவில், வேறொருவர் வார்த்தையில், வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டார். உங்கள் கோபத்துக்கு இடம் கொடுக்கும் இசை இதுதான்.

இரவுரேடியோ தம்பி, ஹிம்னஸின் முடிவை இன்னொரு தடவை கேளுங்கள். அந்த ஒளி உச்சியில் நின்றுவிடுவதில்லை. இறங்கி, சத்தம் குறைந்து, அமைதியில்தான் முடிகிறது. வெற்றி முழக்கமாக முடித்திருந்தால் நானும் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

இரவுரேடியோ

கேட்டேன் அக்கா. முடிவு பற்றி நீங்கள் சொன்னது சரி. உச்சி எனக்கு இன்னும் அதிகமாகத்தான் படுகிறது, அதில் மாற்றமில்லை. ஆனால் 1970-இல் டேவிட் வில்காக்ஸ் நடத்திய பதிவில் ஹெதர் ஹார்ப்பர் பாடும் இடத்தை மட்டும் மறுபடி மறுபடி போட்டுக் கேட்கிறேன். ராபர்ட் டியரும் அருமை.

தேடும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. ஹிம்னஸின் முகப்பில் புருடென்ஷியஸ் என்ற நான்காம் நூற்றாண்டுக் கவிஞரின் லத்தீன் வரி ஒன்று பொறித்திருக்கிறது. 'பூமியே, இவனை ஏற்றுக்கொள், பேணிக்கொள்' என்ற பொருளில் வரும். அதே கவிதையை 1964-இல் திரும்ப எடுக்கிறார். கென்னடி கொல்லப்பட்டு ஒரு வருஷம் ஆனதை ஒட்டி வாஷிங்டனில் நடந்த நினைவு நிகழ்ச்சிக்காக, இதுவும் ஹெலன் வாடெல் மொழிபெயர்ப்பில். 'டேக் ஹிம், எர்த், ஃபார் செரிஷிங்'. வாத்தியம் இல்லாத கோரஸ். முதல் வரியை எல்லாக் குரலும் சேர்ந்து ஒரே சுரத்தில் எடுக்கும், கனமாக, ஒரு உடலைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களின் வேகத்தில். காணிக்கை கென்னடிக்கு. ஆனால் அத்தனை வருஷம் முன்பே மைக்கேலுக்காகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த வரி அது. வாழ்க்கைக் கதை தேவையில்லை என்று மேலே எழுதினேன். இந்த ஒரு பாட்டுக்கு அது தேவைப்படுகிறது.

மௌனப்பந்தல்

அந்த 'மைக்கேல்!' கேட்டேன். யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சத்தமாகவே வைத்துக் கேட்டேன். சங்கீதம் 23-ஐ இன்னும் கேட்கவில்லை, கேட்பேனா என்று சொல்ல முடியாது. ஆனால் ரெக்வியத்தின் ஐந்தாவது பகுதியை, அண்ணன் சொன்ன அந்த இரண்டாவது வேண்டுதலை, தனியாக எடுத்துக் கேட்டேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. எல்லாருக்கும் நன்றி.

பாளை_டெனர்

இவ்வளவையும் படிச்சிட்டு எங்க குழு மாஸ்டர்கிட்ட பேசினேன். நவம்பர்ல சகல ஆத்துமாக்கள் நினைவு ஆராதனைக்கு ஏதாவது ஒண்ணு பாடலாமான்னு கேட்டார். நாங்க இருபதுக்குப் பக்கம் பேர், டெனர்ல, அதாவது மேல் ஆண்குரல்ல, நாலு பேர்தான் உருப்படி. ஆர்கன் இருக்கு. அக்கா, எதை எடுக்கலாம்?

லெஸ்டர்_ஆல்ட்டோ

தம்பி, முழு ரெக்வியத்தையும் முதல் வருஷமே தொடாதீர்கள். மூன்றாவது பகுதிக்கு இரட்டைக் கோரஸ், அதாவது குழு இரண்டாகப் பிரிந்து பாடுவது, வேண்டும், நாலு டெனரை இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒருவருக்குத் தொண்டை கட்டினாலும் அந்தப் பக்கம் காலி. சங்கீதம் 23-ஐ எடுங்கள். வசனம் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் பாதி வேலை முடிந்தது. முதல் சில ஒத்திகையில் பாடவே வேண்டாம், ஆங்கில வார்த்தைகளைச் சேர்ந்து வாசித்து மூச்சு இடங்களை மட்டும் ஒன்றாக்குங்கள். துணைக்கு வாத்தியம் இல்லாததால் சுருதி இறங்கும், அதுவும் நவம்பர் மழை ஈரத்தில் நிச்சயம் இறங்கும். ஒவ்வொரு ஒத்திகை முடிவிலும் ஆர்கனில் ஒரு சுரத்தைத் தட்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

காப்பிரைட் இன்னும் இருக்கிறது, நோவெல்லோ பதிப்பைக் காசு கொடுத்து வாங்குங்கள், ஜெராக்ஸ் வேண்டாம். கேட்டுப் பழக மாத்யூ பெஸ்ட் நடத்திய கோரிடன் சிங்கர்ஸ் பதிவு தெளிவாக இருக்கும், ஒவ்வொரு குரலும் தனியாகக் காதில் விழும். மாஸ்டருக்கு ஆங்கில ராகங்களில் ஈடுபாடு இருந்தால், ஹவல்ஸே மகன் பெயரை வைத்த 'மைக்கேல்' என்ற கீர்த்தனை ராகமும் இருக்கிறது. 'ஆல் மை ஹோப் ஆன் காட் இஸ் ஃபவுண்டட்' என்ற பாட்டுக்கு அமைத்தது. சபையார் எல்லாரும் சேர்ந்து பாடலாம், ஆர்கன் துணையோடு. அதை ஆராதனையின் முடிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகையில் எங்காவது சிக்கினால் எந்தப் பக்கம், எந்த வரி என்று இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.